நிற்க வைத்து பிரஷர் பாருங்கள்

பார்க்கின்சன் நோய் உள்ள அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருந்தால், அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். படுத்திருக்கும்போது ஒரு பிரஷர், எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் இன்னொன்று, மூன்றாவது நிமிடத்தில் மறுபடி ஒன்று. நாற்காலியில் உட்கார வைத்து ஒரே ஒரு தடவை பார்த்து எழுதிக் கொடுத்தால் அதோடு வந்துவிடாதீர்கள். என் அப்பா அடிக்கடி விழுந்துகொண்டிருந்த காலம் முழுக்க அவருடைய கிளினிக் புத்தகத்தில் 130, 134, 138 என்று நல்ல பிரஷர்தான் எழுதியிருந்தது. யாரும் தப்பாக எழுதவில்லை, உட்கார்ந்திருந்தபோது அவருக்கு அதுதான் இருந்தது. ஆனால் அவர் விழுந்ததெல்லாம் எழுந்து நின்றபோது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில். 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள், தோட்டத்து ஆட்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான். அப்பா இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கித்தா என்கிற ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தபிறகு குலை வெட்டினார், இடையில் சில வருடம் களைக்கொல்லியும் அடித்தார். முதுகில் மருந்துத் தோம்பு, முகத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அப்போது அடித்தது பெரும்பாலும் பராகுவாட். அதற்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்லிவிட்டன. நம் நாட்டில் அது முழுவதுமாகத் தடை ஆனது 2020 ஜனவரியில்தான். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன். இன்றைக்கு விழுவதைப் பற்றி மட்டும்.

லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தபிறகுதான் அப்பாவுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் வந்துவிட்டால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் கையைத்தான் பார்க்கிறார்கள். விழ ஆரம்பித்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வயசாகிடுச்சு, கால்ல வலு இல்ல, செருப்பு வழுக்குது, கண்ணு பட்டிருக்கு, இந்த மாத்திரை சூடு. கடைசியில் சொன்ன ஆள்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தார், ஆனால் அவர் சொன்ன வழி ஆபத்தான வழி: பார்க்கின்சன் மாத்திரையை நிறுத்திவிடு என்றார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக, அதாவது காயம் கட்டி மருந்து கொடுப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எல்லாருக்கும் அவர் டிரஸர் ஐயாதான். அப்பா விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்ட ஒரு காலையில் மருந்து போட வந்தவர், காயத்தைக் கட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“மாத்திரை எத்தனை மணிக்கும்மா குடுக்கிற?”

“ஏழு மணிக்குங்க ஐயா.”

“விழுறது எந்நேரம்?”

“எட்டு, எட்டரை இருக்கும். பசியாறிட்டு எழுந்திரிக்கும்போது.”

“எப்பவும் அந்நேரந்தானா?”

யோசித்துப் பார்த்தால் ஆமாம். காலையில் பசியாறியபின், மதியம் சோறு சாப்பிட்டபின், ராத்திரி ஒன்றுக்குப் போக எழும்போது. இந்த மூன்று நேரத்தை விட்டு அப்பா விழுந்தது மிகக் குறைவு. டிரஸர் ஐயா அப்பாவைப் பாயில் படுக்கச் சொல்லி, ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுக்காமல் இருந்துவிட்டு பிரஷர் பார்த்தார். 146/82. பிறகு என்னை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளச் சொல்லி அப்பாவை நிற்க வைத்தார். ஒரு நிமிடத்தில் 112/68. மூன்றாவது நிமிடத்தில் 98/60. “தலை சுத்துதாய்யா?” என்று கேட்டதற்கு அப்பா, “சுத்தலீங்க ஐயா, கண்ணுதான் கொஞ்சம் மங்குது, பிடரி வலிக்குது” என்றார். 

அந்தப் பதிலைக் கவனியுங்கள். தலை சுற்றுகிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பலர் சொல்வார்கள். பிடரியிலிருந்து இரண்டு தோளுக்கும் பரவும் வலி, பார்வை மங்குவது, காலில் திடீரென்று பலம் போவது, பேச்சு குழம்புவது, ஒரு கொட்டாவி, இப்படி எல்லாம்கூட பிரஷர் இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். சிலருக்கு எதுவுமே தெரியாது, நேராக விழுவார்கள். அதனால்தான் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது மருத்துவர்கள் கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கம். அப்பாவுக்கு மேல் எண் 48 இறங்கியிருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். நரம்புகள் உடனே ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தைக் கொஞ்சம் வேகமாக ஓடவைத்து மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். நமக்கு இது தெரியாமலே நடக்கிறது. பார்க்கின்சன் என்றால் மூளையில் உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருள் குறைவது என்று மட்டும் கேள்விப்பட்டிருப்போம், ஆனால் அந்த நோய் இதயத்துக்கும் குழாய்களுக்கும் போகும் தானியங்கி நரம்புகளையும் சேர்த்துத்தான் பாதிக்கிறது. குழாய் இறுக வேண்டிய நேரத்தில் இறுகாது. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. மாத்திரை ஒன்றுமே போடாவிட்டாலும் சிலருக்கு வரும்.

அதன் மேல் மாத்திரை. அப்பா சாப்பிடுவது மாடோபார், அரசாங்க கிளினிக்கில் பரவலாகக் கொடுப்பது. அதில் லெவோடோபாவும் பென்செராசைடும் இருக்கும். லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறும். போகிற வழியிலேயே மாறிவிடாமல் தடுப்பதற்குத்தான் பென்செராசைடு. 250 என்று எழுதிய மாத்திரையில் லெவோடோபா 200 மில்லிகிராம், பென்செராசைடு 50. அப்பாவுக்கு ஒரு வேளைக்கு அதில் பாதி. போட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது ரத்தத்தில் உச்சத்துக்கு வரும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். டோபமின் குழாய்களைத் தளர்த்தும், ஏற்கெனவே இறுகத் தெரியாத குழாய் இன்னும் தளரும். ஏழு மணிக்குப் போட்ட மாத்திரையும் எட்டு மணிக்கு வந்த விழுகையும் இப்படித்தான் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. பார்க்கின்சனுக்கே கொடுக்கும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் மாதிரி மாத்திரைகளில் இந்த இறக்கம் இன்னும் கூடுதலாக வரலாம், அதோடு உட்கார்ந்த இடத்தில் திடீரென்று தூங்கி விழுவதும் உண்டு. அதே நோய்க்குக் கொடுக்கும் செலிஜிலினும் பிரஷரை இறக்கும்.

சரி, இவ்வளவு மட்டும் என்றால் பரவாயில்லை. டிரஸர் ஐயா அப்பாவின் மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொன்னார். மாடோபாருக்குப் பக்கத்தில் அம்லோடிபின், நீர் பிரிவதற்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, ராத்திரிக்கு பிராசோசின். முதல் இரண்டும் பல வருடத்துக்கு முன்னால், பார்க்கின்சன் வராத காலத்தில், பிரஷர் 160, 170 என்று இருந்தபோது ஆரம்பித்தவை. பிராசோசின் பிராஸ்டேட் வீக்கத்துக்கு. அதுவும் குழாயைத் தளர்த்துகிற மருந்துதான், படுக்கும்போது கொடுப்பார்கள், ஆனால் வயதான ஆணுக்குப் படுத்தபின் இரண்டு தடவையாவது ஒன்றுக்குப் போக எழ வேண்டியிருக்கிறதே. ஒவ்வொன்றும் அந்தந்த நோய்க்குச் சரியான மருந்துதான். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மருத்துவர் ஒவ்வொரு காலத்தில் எழுதினார். எல்லாவற்றையும் ஒரே மேசையில் கொட்டி, இந்த ஆள் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கு வருத்தம் அதில்தான்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கிறுகிறுப்பு என்று ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அங்கே ஓர் ஊசி போட்டு, தலைசுற்றலுக்கு என்று ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். பார்க்கின்சன் இருக்கிறது என்று சொல்லித்தான் வாங்கினோம். இரண்டு நாளில் அப்பா மரக்கட்டையாகிவிட்டார். நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, சோற்றை விழுங்கச் சிரமப்பட்டார், முகத்தில் அசைவே இல்லை. பிறகு மாத்திரை அட்டையைப் பார்த்தால் அது ஸ்டெமெட்டில், அதாவது புரோகுளோர்பெராசின். மூளையில் டோபமின் வேலை செய்யும் இடத்தை அடைக்கிற மருந்து. ஒரு பக்கம் மாடோபார் கொடுத்து டோபமினைச் சேர்க்கிறோம், இன்னொரு பக்கம் அது உள்ளே போகும் கதவை அடைக்கிறோம். வாந்திக்குக் கொடுக்கும் மாக்ஸோலோனும் இதே வகை. கிறுகிறுப்புக்குக் கொடுக்கும் ஸ்டுஜெரோன், அதாவது சின்னரிசின், பார்க்கின்சன் இல்லாத வயதானவர்களுக்கே பார்க்கின்சன் மாதிரி விறைப்பை உண்டாக்கக்கூடியது. நம் ஊரில் கிறுகிறுப்பு என்று போனால் கையில் வருவது பெரும்பாலும் இவற்றில் ஒன்று. அப்பாவின் கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இந்த மூன்று பெயரையும் சிவப்பு மையில் எழுதி ‘ஜாங்கான் பெரி’ (கொடுக்காதீர்கள்) என்று மலாயிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். வாந்திக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் பொதுவாக டோம்பெரிடோன் சொல்வார்கள், ஏனென்றால் அது மூளைக்குள் அவ்வளவாகப் போகாது. ஆனால் அதற்கும் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும், நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

டிரஸர் ஐயா அளந்த எண்களை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி, பிறகு ஒரு வாரம் நானும் காலை, மதியம், படுக்கும் முன் என்று அளந்து, அந்தத் தாளை அரசாங்க கிளினிக் டாக்டரிடம் கொடுத்தேன். இளம் டாக்டர், சீனப் பெண். தாளைப் பார்த்ததும் அவரே அப்பாவைப் படுக்க வைத்து மறுபடி அளந்தார். ஹைட்ரோகுளோரோதயசைடை நிறுத்தினார். அம்லோடிபினைக் குறைத்தார். பிராசோசினுக்குப் பதில் பிரஷரை அவ்வளவு இறக்காத டாம்சுலோசினுக்கு மாற்றிக் கேட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். மாடோபாரை அவர் தொடவே இல்லை. தொடாததற்குக் காரணம் சொன்னார், அதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் உறவுக்காரர்கள் எல்லாரும் முதலில் கை வைக்கச் சொல்வது அதில்தான்.

பார்க்கின்சன்காரர் விழுவது இரண்டு பக்கமும் நடக்கும். மருந்து உச்சத்தில் இருக்கும்போது பிரஷர் இறங்கி விழுவார், அல்லது கை கால் தன்னிச்சையாக ஆடி நிலை தடுமாறி விழுவார், அல்லது உடம்பு லேசாகிவிட்ட தைரியத்தில் வேகமாகத் திரும்பி விழுவார். மருந்து தீர்ந்துபோன நேரத்தில் வேறு மாதிரி விழுவார்: கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் போகும். குளியலறை வாசல், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் உள்ள சந்து, திரும்ப வேண்டிய மூலை, இங்கெல்லாம் கால் உறைந்து நிற்கும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் எழுதியபோதே, உடம்பு முன்னால் சாய்வதையும் நடை தன்னை மீறி ஓட்டமாக மாறுவதையும் குறிப்பிட்டிருக்கிறார். அப்போது எந்த மாத்திரையும் இல்லை. மாடோபாரைக் குறைத்தால் முதல் வகை விழுகை குறையலாம், இரண்டாவது வகை கூடும். திடீரென்று நிறுத்தினால் கதையே வேறு. கடுமையான காய்ச்சல், உடம்பு முழுக்க விறைப்பு, நினைவு தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை போய் எடுத்துக்கொள்ளலாம் என்று சனி ஞாயிறை ஓட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது, கேட்கக் கஷ்டமான உண்மை. நடுக்கத்தையும் விறைப்பையும் லெவோடோபா நன்றாகக் குறைக்கும், ஆனால் உடம்பை நிலை நிறுத்தும் சமநிலையை அது அந்த அளவுக்குச் சரி செய்யாது. கை நடுக்கம் நின்றுவிட்டது, அப்பா நன்றாகிவிட்டார் என்று நாம் நினைக்கும்போது அவருடைய சமநிலை பழைய நிலையில்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். காலையில் ரொட்டி சானாய், பருப்புக் கறி, தே தாரே. மதியம் சோற்றை மலையாகப் போட்டு மீன் குழம்பு. மலேசியத் தமிழ் வீட்டில் பிறந்த யாருக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாவுச்சத்து நிறைய உள்ள பெரிய சாப்பாடு முடிந்ததும் ரத்தம் வயிற்றுப் பக்கம் கூடிவிடும், அடுத்த ஒன்று இரண்டு மணி நேரம் பிரஷர் இறங்கியே இருக்கும். அதோடு நம் ஊர் இரண்டு மணி வெயில் சேர்ந்தால் குழாய்கள் இன்னும் விரிகின்றன. அப்பாவுக்கு இப்போது ஒரு வேளைச் சோற்றை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறோம், சாப்பிட்டவுடன் எழ விடுவதில்லை. மாடோபாரைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபின் கொடுக்கிறோம், ஏனென்றால் முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாவற்றிலும் உள்ள புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வழியில்தான் உள்ளே போக வேண்டும், மூளைக்குள் நுழையவும் ஒரே வழி. மைலோவில் பாலை ஊற்றி அதோடு மாத்திரையை விழுங்க வைத்தால் சில நாள் மாத்திரை வேலையே செய்யாத மாதிரி இருக்கும், அதை நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

தண்ணீர் விஷயத்தில் அப்பாவோடு பெரிய போராட்டம். ராத்திரி எழ வேண்டுமே என்று பகலிலேயே குடிக்க மாட்டார். எழுவதற்கு முன்னால் இரண்டு கிளாஸ் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் இந்த மாதிரி நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்குச் சில நிமிடத்தில் பிரஷர் ஏற ஆரம்பிக்கும், அரை மணி நேரம் போல நல்ல பலன் கிடைக்கும். நாங்கள் அளந்தே பார்த்தோம், அப்பாவுக்கும் ஏறியது. அதற்கப்புறம்தான் நம்பினார். “டிரஸர் ஐயாவே சொல்றாருன்னா சரிம்மா” என்று காலையில் மாத்திரையோடு ஒன்று, பசியாறும் முன் ஒன்று என்று குடிக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குறைத்துக்கொள்கிறார். உப்பைக் கூட்டலாமா என்பது இதயம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது, டாக்டர் சொல்லாமல் யாரும் செய்யக் கூடாது.

திருவிழாக் காலம் தனி ஆபத்து. அப்பா பங்குனி உத்திரத்துக்கு விரதம் இருப்பவர், தைப்பூசத்துக்கு இன்னும் போக வேண்டும் என்று அடம் பிடிப்பவர். விரதம், வெயில், கூட்டத்தில் அசையாமல் நீண்ட நேரம் நிற்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, மூன்றாவது வேளை மாத்திரை பூசை நேரத்தில் தவறிப்போவது, எல்லாம் ஒன்றாகச் சேரும் நாள் அது. கோயிலுக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அது மூச்சு மாதிரி. மடக்கு நாற்காலியும் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு போகிறோம், பூசாரியிடம் முன்கூட்டியே சொல்லி ஓரமாக உட்கார வைக்கிறோம். விரதம் என்றாலும் மாத்திரையும் தண்ணீரும் சாமிக்குக் குற்றமில்லை என்று பூசாரி அண்ணனே அப்பாவிடம் சொன்னார், அந்த நல்ல வார்த்தைக்கு நான் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

நாட்டு மருந்து பற்றியும் சொல்லியாக வேண்டும். பூனைக்காலிப் பொடி. பார்க்கின்சனுக்கு நல்லது என்று கைக்குக் கை மாறி வாட்சாப்பில் வருகிறது, கிள்ளான் பக்கம் கடைகளிலும் கிடைக்கிறது. அது பொய் மருந்து கிடையாது, அதனால்தான் ஆபத்து. பூனைக்காலி விதையில் இருப்பதே லெவோடோபாதான். மாடோபார் சாப்பிடுகிறவருக்கு அதையும் கொடுத்தால் ஒரே மருந்தை அளவு தெரியாமல் இரண்டு மடங்கு கொடுக்கிறோம். பிரஷர் இறங்கும், கை கால் ஆட்டம் கூடும், சிலருக்கு இல்லாத உருவம் கண்ணில் தெரியும். டாக்டர் மாத்திரை அளவைக் கணக்குப் போடும்போது இந்தப் பொடி அவர் கணக்கில் இருக்காது. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவராகத் திட்டமிட்டுக் குறைக்கட்டும்.

சளிக்கு வாங்கும் பிரிட்டோன், தூக்க மாத்திரை, நடுக்கத்துக்குச் சிலருக்குக் கொடுக்கும் பழைய பென்செக்சோல், இவையும் வயதானவர்களுக்குத் தலையைக் குழப்பி விழ வைப்பவை. சம்சுவும் பீரும் சொல்லவே வேண்டாம், பிரஷரை அவையும் இறக்கும்.

வீட்டில் நாங்கள் செய்தது என்ன என்றால், முதலில் எழுகிற விதத்தை மாற்றினோம். படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்து, இரண்டு கையையும் இறுக்கி மூடித் திறந்து, ஒன்றிலிருந்து அறுபது வரை எண்ணிவிட்டுத்தான் நிற்க வேண்டும். நின்றபின் மறுபடி பத்து எண்ண வேண்டும். அப்பா சத்தமாக எண்ணுவார், அடுப்படியில் இருந்தாலும் எனக்குக் கேட்கும். நிற்கும்போது கண் மங்கினால் காலைக் குறுக்கே பின்னித் தொடையை இறுக்குவது நல்லது, ஆனால் அதுவே சமநிலையைக் கெடுக்கும் என்பதால் மேசையையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு மட்டும்.

கட்டிலின் தலைப் பக்கக் காலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினோம். தலையணையை அடுக்குவது அதற்குச் சமமாகாது, முழுக் கட்டிலும் சாய வேண்டும். இது ஏன் என்றால் இந்த நோயில் நின்றால் பிரஷர் இறங்குகிற அதே ஆளுக்குத் தட்டையாகப் படுத்தால் ஏறிவிடும். ராத்திரி முழுக்க ஏறியிருந்தால் சிறுநீரகம் அதிகமாக நீரை வெளியேற்றும், அடிக்கடி எழ வேண்டும், காலையில் உடம்பில் நீர் குறைந்து பிரஷர் இன்னும் இறங்கும். சாய்த்துப் படுக்க வைத்ததில் அப்பா ராத்திரி எழுவது குறைந்தது. அப்படியும் எழுகிறபோது நடக்க விடாமல் கட்டில் பக்கத்திலேயே சிறுநீர்ப் புட்டி வைத்தோம். இதற்கு அவர் ஒத்துக்கொள்ளத்தான் நாளாயிற்று. இருட்டில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிய மனுஷன், தன் வீட்டுக் கக்கூசுக்கு நடக்கக் கூடாது என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வார்? கோபப்பட்டார், இரண்டு நாள் பேசவில்லை. அம்மாதான் பேசிச் சமாளித்தார், “இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தா அங்க இதத்தானே குடுப்பாங்க, இங்க யாரு பாக்கப் போறா” என்று.

குந்தி உட்காரும் கழிப்பறையை மாற்றியது அடுத்த பெரிய வேலை. குந்தியிருந்து எழுவது பிரஷருக்கு மிகக் கெட்ட எழுதல். முக்குவதும் சேர்ந்தால் இன்னும் மோசம், அதனால் மலச்சிக்கல் வராமல் பார்ப்பதும் விழாமல் பார்ப்பதில் ஒரு பகுதிதான். சுவரில் துளை போட்டு இரும்புக் கம்பி அடித்தோம். கை கழுவும் தொட்டியையோ துண்டு மாட்டும் கம்பியையோ பிடித்து எழுந்தால் அது பெயர்ந்து ஆளோடு விழும். குளியலறை வாசலில் தரைக்குக் குறுக்கே மஞ்சள் டேப்பைக் கோடு கோடாக ஒட்டினோம். கால் உறைந்து நிற்கும்போது “கோட்டத் தாண்டுங்கப்பா” என்றால் தாண்டுகிறார், “நடங்கப்பா” என்றால் நிற்கிறார். பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், ஆனால் கண்ணுக்கு ஒரு குறி, காதுக்கு ஒரு தாளம் இருந்தால் மூளை வேறு வழியில் காலை நகர்த்துகிறது. கையைப் பிடித்து இழுப்பதுதான் செய்யவே கூடாதது.

அமுக்கிப் பிடிக்கும் காலுறையையும் சிபாரிசு செய்கிறார்கள். இந்தப் புழுக்கத்தில் அதை மாட்டுவதற்குள் அம்மாவுக்கே பிரஷர் ஏறிவிடும் போலிருந்தது. அதற்குப் பதில் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையைப் பகலில் எழும் முன் கட்டுகிறோம், படுக்கும்போது அவிழ்த்துவிடுகிறோம். நின்றவுடன் ரத்தம் அதிகமாகத் தேங்குவது வயிற்றுப் பகுதியில்தான் என்பதால் அது உதவுகிறது. இதெல்லாம் போதாமல் போனால் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், மிடோட்ரின் மாதிரி பிரஷரை ஏற்றும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றைச் சாப்பிட்டவர் தட்டையாகப் படுத்தால் பிரஷர் மிகவும் ஏறிவிடும், மிடோட்ரினைப் படுக்கும் நேரத்துக்கு நெருக்கமாகக் கொடுக்கவே மாட்டார்கள். அப்பாவுக்கு இன்னும் அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை.

உடற்பயிற்சிக்குப் பக்கத்துத் தாமானின் சீனப் பெரியவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். விளையாட்டுத் திடலில் காலையில் தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி செய்பவர்கள். 2012-ல் அமெரிக்காவின் ஓரிகனில் 195 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தாய்ச்சி செய்தவர்களுக்குச் சமநிலை கூடியது, வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட விழுவதும் குறைந்தது. அதைப் படித்துவிட்டு அப்பாவைக் கூட்டிப் போனேன். முதலில் கூச்சப்பட்டு வேலி ஓரமாகவே நின்றார். அங்கிருந்த ஓர் ஆன்ட்டி நாற்காலி கொண்டுவந்து போட்டு, “மாரி, மாரி, அங்கிள்” என்று கூப்பிட்டு, உட்கார்ந்தபடியே கையை எப்படி வீசுவது என்று காட்டினார். இப்போது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று செய்கிறார். ஆனால் ஏழு மணி மாத்திரை உச்சத்தில் இருக்கும் எட்டு மணிக்குப் போவதில்லை, தண்ணீர் குடித்து, பிரஷர் பார்த்து, ஒன்பதரைக்கு மேல் போகிறோம். அவர்களும் அவருக்காகக் கொஞ்ச நேரம் கூட இருக்கிறார்கள்.

அப்பா இப்போது விழுவதே இல்லை என்று நான் எழுத மாட்டேன். விழுகிறார், முன்பைவிட மிகக் குறைவாக. விழுந்தால் உடனே தூக்கி நிறுத்தக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். படுத்தபடியே இருக்கட்டும், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், தொடை இடுப்பை அசைக்க முடிகிறதா என்று பாருங்கள், படுத்தபடியே பிரஷர் பார்த்து மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். தலை அடிபட்டிருந்தால், அதுவும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். ஒரு தடவை விழுந்தவர் பயந்து நடப்பதைக் குறைத்துக்கொள்வார், குறைத்தால் காலில் சதை கரையும், கரைந்தால் அடுத்த விழுகை சீக்கிரம் வரும். அதனால் அவரைப் பூட்டி வைப்பதும் வழியில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு மருத்துவரைப் பார்க்க அடுத்த மாதம் தேதி இருக்கிறது. கையில் எடுத்துப் போகும் தாளில் மணி, மாத்திரை, சாப்பாடு, படுத்த பிரஷர், நின்ற பிரஷர், விழுந்த இடம் என்று கட்டம் போட்டிருக்கிறேன். கேட்க வேண்டியதும் எழுதியிருக்கிறேன்: மூன்று மணி மாத்திரைக்கும் ஏழு மணி மாத்திரைக்கும் நடுவில் ஆறரை வாக்கில் கால் ஒட்டிக்கொள்கிறதே, அந்த இடைவெளியைக் குறைக்கலாமா, குறைத்தால் நின்ற பிரஷர் தாங்குமா, ராத்திரி படுத்திருக்கும்போது 160-க்கு மேல் போவதை இப்படியே விடலாமா. அப்பாவுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, அதையும் கடைசியில் சேர்த்து எழுதச் சொன்னார்: ஆடித் திருவிழாவுக்குக் கோயில் வரைக்கும் நடந்தே போகலாமா என்று கேட்க வேண்டுமாம்.